நத்தார் அட்டையிற் குடும்பப் படம்: ஓர் அறவியல் நோக்கு

அறவியல் என்றதும் கொலை, களவு, போர், துரோகம் முதலாய பெரும் விடயங்களே நினைவுக்கு வருகின்றன. மெய்யியல் நூல்கள் எடுத்தாளும் உதாரணங்களும் பெரும்பாலும் அத்தகையனவே. ஆயின், மனிதர் தம் வாழ்நாளில் எதிர்கொள்ளும் அறச்சிக்கல்களிற் பெரும்பாலானவை மேசையொன்றைச் சுற்றி அமர்ந்து, சிரித்துப் பேசியபடியே, சில நிமிடங்களில் முடிவு செய்யப்பட்டு விடுகின்றன. அங்கே முடிவு செய்யப்பட்டது ஓர் அறப்பிரச்சினை என்பதைக்கூட எவரும் உணர்வதில்லை. நத்தார் வாழ்த்து அட்டைக்கெனக் குடும்பப் படமொன்றைத் தெரிவு செய்வது அத்தகைய ஒன்று.

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தையொட்டிச் செல்லும் கலஹா வீதியை அறியாத மாணவர் இலர். அவ்வீதி சென்று சேரும் ஊரை அறிந்தோர் அத்துணைப் பேர் அல்லர். கண்டிக்குத் தெற்கே மலைச்சரிவில் அமைந்த சிறு நகரம் கலஹா, சுற்றிலும் தேயிலை. அதற்கப்பால், தெல்தோட்டைப் பக்கத்து மலையிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலேதான் 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலையை நட்டு, இந்நாட்டின் வணிகத் தேயிலைக்குத் தொடக்கமிட்டார். இத்தோட்டங்களில் வாழும் தமிழருட் பெரும்பான்மையோர் சைவர்கள்; மாரியம்மன் திருவிழாவே ஊரின் பெருவிழா. எனினும், தோட்டத் தொழிலாளரிடையே சமயப் பணி செய்யவென 1854-இல் நிறுவப்பெற்ற மிசனின் காலந்தொட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களும் மலையகமெங்கும் இருந்து வருகின்றன. அவர்களது மார்கழி, அட்டைகளின் மாதம்.

அவ்வாறான குடும்பமொன்றை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்ளலாம். தகப்பன் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தாய் கொழுந்தெடுக்கிறாள். மூத்த மகன் கட்டாரில். மகள் உயர்தரம் படிக்கிறாள். கடைக்குட்டிக்கு எட்டு வயது. பிள்ளைகள் அப்பாயி என அழைக்கும் மூதாட்டி, ஏறத்தாழ எண்பது வயதினள், நாற்பதாண்டு கொழுந்தெடுத்து ஓய்ந்தவள். ஆண்டுதோறும் கண்டியிலுள்ள அச்சகமொன்றில் நாற்பது அட்டைகள் அடிப்பித்து அனுப்புவது இவ்வீட்டு வழக்கம். இவ்வாண்டு தெரிவுக்கு வந்த படங்கள் பல. இறுதியில் எஞ்சியவை இரண்டு. ஒன்று, பேராதனைப் பூங்காவில் எடுத்தது. மூங்கிற் புதரின் முன்னே எல்லோரும் நல்ல உடையில் நிற்கின்றனர். ஒளி அழகாக விழுந்துள்ளது. முழங்கால் வலியால் அப்பாயி மட்டும் அன்று வரவில்லை. மற்றது லயத்து இஸ்தோப்பில் எடுத்தது. அப்பாயி நடுவில், கதிரையில், கண்கள் பாதி மூடியபடி. பின்னால் தகரக் கூரையும், கொடியில் உலரும் துணிகளும். கட்டாரிலுள்ள மகன் இரண்டிலும் இல்லை.

மகள் பூங்காப் படத்தையே வேண்டினாள். அதில் தவறென்ன? எல்லோரும் அழகாக இருக்கிறார்கள். அட்டை மகிழ்ச்சி தெரிவிக்கும் பொருட்டன்றோ அனுப்பப்படுகிறது?

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. முதலாவது நத்தார் அட்டையை நோக்கின், அதுவும் மகிழ்ச்சியான குடும்பப் படமே. 1843-இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பார், கடிதம் எழுத நேரம் போதாமையால், ஓவியர் ஜோன் ஹோர்ஸ்லியைக் கொண்டு ஓர் அட்டை வரைவித்து ஆயிரம் படிகள் வரை அச்சிட்டார். விலை ஒரு சிலிங். நடுவே மூன்று தலைமுறையினர் மேசையைச் சூழ்ந்து, அட்டையைப் பெறுபவரை நோக்கிக் கிண்ணங்களை உயர்த்துகின்றனர். சிறுபிள்ளையின் வாயிலும் மதுக்கிண்ணத்தை வைத்துவிட்டாரென மதுவிலக்கினர் அக்காலத்திற் கண்டித்தது வேறு கதை. கவனிக்கவேண்டியது இரு ஓரங்களையும்: ஒருபுறம் பசித்தோர்க்கு உணவும், மறுபுறம் ஆடையற்றோர்க்கு ஆடையும் வழங்கும் காட்சிகள். இன்னொன்று, அக்குடும்பம் எவருடையதுமன்று. பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. யாரும் தம் பெயரை இட்டு அனுப்பலாம். பொய்யென்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அது குடும்பம் என்னும் கருத்தின் படமேயன்றி ஒரு குடும்பத்தின் படமன்று. ஓவியத்தின் இடத்தைப் புகைப்படம் பிடித்துக்கொண்டபோது இரண்டும் மாறின. ஓரக் காட்சிகள் மறைந்தன. நடுவிலுள்ளோர் குறிப்பிட்ட மனிதராயினர். இவர்கள் நாங்கள், இவ்வாறு இருக்கிறோம் என அட்டை சொல்லத் தொடங்கியது. சொல்லத் தொடங்கிய எதுவும் பொய் சொல்லவும் கூடும்.

பொய்யை எந்நிலையிலும் ஏற்காதவர் இம்மானுவேல் கான்ற். நண்பனைக் கொல்லத் தேடுபவனிடத்தும் பொய் கூறலாகாதென 1797-இல் வாதித்தவர் அவர். அவரே மறு ஆண்டில் வெளிவந்த மானிடவியல் நூலிலே, மரியாதைச் சொற்களும் இன்முகமும் எவரையும் ஏமாற்றுவதில்லை, அவை எத்துணைப் பெறுமதியுடையனவென்பதை இருபாலாரும் அறிவர் என்னும் கருத்தை வெளியிடுகிறார். விருந்தினர் வரும்போது நல்ல சேலை உடுத்தும் பெண், நாளும் அதையே உடுத்துவதாகப் பொய் சொல்லவில்லை. அது விருந்துச் சேலையென வருபவர் அறிவார். நல்ல படத்தைத் தெரிவதும் அத்தகையதே. கண்டியிலுள்ள போதகர் பூங்காப் படத்தைப் பார்த்தால், குடும்பம் ஒருநாள் பூங்காவுக்குப் போயிருக்கிறது என்று மட்டுமே கொள்வார். அவர் அப்பாயியை ஞாயிறுதோறும் கோயிலிற் காண்பவர். மகளின் வாதம் இதுவரை நேரியதே.

ஆயின், அட்டைகள் நாற்பதும் கண்டிக்கே செல்வனவல்ல. அவற்றிலொன்று நீலகிரிக்குப் போகிறது.

அது ஏன் என்பதற்கு வரலாற்றிற் சிறிது பின்செல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30-இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாற் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் 1974-இற் சரிபாதியாகத் தீர்மானிக்கப்பட்டது. இவ்வெண்கள் வீடுகளுக்குட் புகுந்தன. வயது வந்தோர் தனித்தனியே விண்ணப்பித்தனர். ஒரே காம்பராவிலிருந்து ஒருவர் இந்தியப் பிரசையாகவும் மற்றவர் இலங்கைப் பிரசையாகவும் வெளிவந்தனர். தாய் ஒரு நாட்டுக்கும் மகன் இன்னொரு நாட்டுக்கும் உரியவராயினர். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் சென்றவரை, அதாவது 1984 வரை, இப்பிரிவுகள் நிகழ்ந்தவண்ணமே இருந்தன. திரும்பியோருக்கு வேலை வழங்கவெனத் தமிழ்நாட்டரசு 1968 முதல் நீலகிரியில் அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தெடுத்தோர் பலர். கற்பனைக் குடும்பத்து அப்பாயிக்கு ஒரு தங்கை உண்டெனவும், அவள் 1970களிற் கப்பலேறிக் கோத்தகிரிப் பக்கத்திலே குடியமர்ந்தாளெனவும் கொள்வதில் மிகையேதுமில்லை. அத்தகைய தங்கையர் அங்கே ஆயிரக்கணக்கினர். இவ்விரு வீடுகளுக்குமிடையே எஞ்சிய தொடர்பு, ஆண்டுக்கொருமுறை செல்லும் அவ்வட்டையே. அது அங்கே சுவரில் ஒட்டப்படுகிறது.

ஒரே படம் இருவர் கையில் இருவேறு செயலாகி விடுவதை இங்கே காணலாம். போதகருக்கு அது மரியாதை. தங்கைக்கு அது சாட்சியம். ஐம்பதாண்டாகக் காணாதவளுக்கு, விருந்துச் சேலை எது, நாட்சேலை எது என்று தெரியாது. பூங்காப் படம் அவள் கைக்குச் சென்றால், முதலில் தேடப்படுவது அக்காவின் முகம். அது இல்லையெனில் முழங்கால் வலியென்று அவள் எண்ணப் போவதில்லை. எண்பது வயதினள் ஒருத்தி குடும்பப் படத்திற் காணப்படாமைக்குத் தமிழ் வீடுகளில் வழமையாகக் கொள்ளப்படும் பொருள் ஒன்றே. மரியாதை பற்றிய கான்றின் நியாயம் இருபாலாரும் வழக்கை அறிவர் என்னும் நிபந்தனையில் தங்கியுள்ளது; கோத்தகிரியில் அந்நிபந்தனை இல்லை. ஆகவே, படத்திலுள்ள ஒவ்வொன்றும் உண்மையாயிருக்கவும் படம் முழுமையும் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறது. அழகுபடுத்துதல் வேறு, விலக்குதல் வேறு. முன்னையது எவ்வாறிருக்கிறோம் என்பதைப் பற்றியது. பின்னையது யார் நாம் என்பதைப் பற்றியது.

இந்நியாயத்தைத் தகப்பன் ஏற்றுக்கொண்டு லயத்துப் படத்தை எடுத்தாரெனக் கொள்வோம். இப்போது மறுப்பவள் அப்பாயியே. “எனக்கெதுக்குப்பா படம்? புள்ளைங்க இருந்தா போதும்” என்கிறாள்.

இம்மறுப்பைப் பணிவென்றோ கூச்சமென்றோ கொண்டு கடந்துவிடுவது எளிது. அவ்வாறு கடப்பது பிழை. படக்கருவிக்கு முகங்கொடுத்துப் பழகியவர்களிலே மலையகப் பெண்களுக்கு நிகரானோர் இந்நாட்டில் இலர். புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875-இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் வாழ்ந்து, 1879-இல் மலைநாட்டிலே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களிலுள்ள அறிஞரும் கவிஞரும் பெயரோடு அறியப்படுகின்றனர். இலங்கையில் எடுத்தவற்றிலுள்ளோர் பெரும்பாலும் ‘குடியானவர்’, ‘பெண்’ என்ற அளவிலேயே நிற்கின்றனர். அவரது கலை மேதைமையை ஐயுறுவார் இல்லை. பெயர்களைக் குறித்துக்கொள்ளவில்லை, அவ்வளவே. 1890-இல் தொடங்கப்பெற்ற பிளாட்டே நிறுவனமும் பிறரும் அஞ்சலட்டைகளைப் பெருக்கிய காலத்தில் இது வழக்கமாகவே ஆயிற்று. கூடை சுமந்த பெண், குழந்தையை இடுப்பில் ஏந்திய பெண், கீழே ‘தமிழ்க் கூலிகள்’ என்றோ ‘தேயிலை கொய்வோர்’ என்றோ ஒரு வரி. அவ்வட்டைகள் வாழ்த்துச் சுமந்து கடல் கடந்தன. அனுப்பியவர் பெயரும் பெற்றவர் பெயரும் பின்புறத்தில் இருந்தன. முன்புறத்தில் இருந்தவளின் பெயர் எங்கும் இல்லை. தேயிலைப் பெட்டியிலும் உல்லாசப் பயண விளம்பரத்திலும் இன்றுவரை அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

டெயிலரின் தாடி வைத்த முகம் பெயரோடு நூல்களில் உள்ளது. 1892-இல் அவர் இறந்தபோது உடலை மலையிலிருந்து கண்டி மஹியாவை இடுகாட்டுக்குத் தோளிற் சுமந்து வந்த தொழிலாளருள் ஒருவருடைய பெயரையேனும் சொல்வது அரிது.

பெயரின்மை தன்னளவில் இழிவன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பெயர் சுட்டாமையை ஓர் இலக்கண விதியாகவே கொண்டது தமிழின் அகத்திணை மரபு. அங்கே தலைவனும் தலைவியும் யார் என்பது கூறப்படாது. உள்ளத்து நிகழ்வது ஊரறியத் தூற்றப்படாதபடி பெயர் மறைக்கப்படுகிறது. அவ்விதியைக் கிட்டத்தட்ட உடைக்கும் இடமும் அம்மரபிலேயே உண்டு. மடலேறுபவன் தலைவியின் உருவை எழுதிய கிழியைக் கையிலேந்தித் தெருவுக்கு வருகிறான். அவளைத் தரும்படி ஊரை நெருக்க அவனிடமுள்ள கடைசிப் படைக்கலம் அவளது படமே. அவளிடம் எவரும் கேட்டதில்லை. ஒருவருடைய உருவத்தைப் பொதுவிலே காட்டுவது அவர்மேற் செலுத்தப்படும் ஒருவகை வன்மை என்பதைப் பண்டைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். அகப்பாட்டிற் பெயரின்மை ஒரு காவல். அஞ்சலட்டையிற் பெயரின்மை அவ்வாறானதன்று. அங்கே முகம் தெருவிலும் பெயர் குப்பையிலும் கிடந்தன.

கற்பனை அப்பாயியும் மலையிலே நின்று வெளிநாட்டார் கேட்கக் கூடையோடு சிரித்தவள்தான். சிலர் காசு கொடுத்தனர், சிலர் கொடுக்கவில்லை. தன் முகம் எங்கெங்கே போயிற்றென அவள் அறியாள். அந்நியருக்குச் சிரிக்கப் பழகிய அம்முகம் வீட்டாரின் கைத்தொலைபேசிக்கு முன் கண்ணை மூடிக்கொள்கிறதென்றால், அதைப் பழைய காலத்து அறியாமையென்று ஒதுக்குவது நியாயமாகாது. அவளைப் படத்திற் சேர்ப்பது அன்பு. சேரேன் என்பதை மதிப்பதும் அன்பு. இரண்டும் ஒருங்கே இயலாதெனத் தோன்றுகிறது.

பிரெஞ்சு அறிஞர் ரோலன்ட் பார்த் 1980-இல் வெளியிட்ட புகைப்படம் பற்றிய நூலில், இறந்த தம் தாயின் சிறுவயதுப் படமொன்றே நூலின் உயிர்நாடி. பிற படங்கள் பலவற்றை அச்சிட்ட அவர் அப்படத்தை மட்டும் அச்சிடவில்லை. வாசகருக்கு அது எவளோ ஒரு சிறுமியின் படமாகவே தோன்றும் என்பது அவர் கூறிய காரணம். படத்துக்கான சம்மதம் என்பது படக்கருவிக்கு அளிக்கும் சம்மதமன்று, பார்ப்பவருக்கு அளிக்கும் சம்மதமே என்பது இதனாற் புலனாகிறது. அப்பாயியிடம் எவரும் கேட்டது ‘படம் எடுக்கலாமா’ என்பதையே. ‘இதைச் சின்னம்மா பார்ப்பார்’ எனக் கேட்டவர் இல்லை. அவ்வாறு கேட்டபின்னும் அவள் மறுப்பாளாயின் மறுப்பு நிற்கவேண்டும். படத்தில் அவளுக்குப் பதிலாக அட்டையின் உள்ளே அவள் நலமென ஒரு வரி எழுதலாம். ஆனால், பெரும்பாலும் அவள் மறுக்கமாட்டாள். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, இன்னொரு படம் எடுக்கச் சொல்லக்கூடும்.

எஞ்சியவை சிறு வினாக்கள். லயத்துப் பின்னணியை வெட்டிவிட வேண்டும் என்கிறாள் மகள். பள்ளித் தோழியர் பார்ப்பர் என்பது அவள் கவலை. வறுமையைக் காட்டியே தீரவேண்டுமெனக் கட்டளையிடுவோர் பலர் தம் வீட்டு வறுமையைக் காட்ட வேண்டியிராதவர்களே; தன் வறுமையைப் பார்ப்பவனுக்குக் கடனாக எவரும் பட்டிருக்கவில்லை. எனினும், விளம்பரப் படங்களும் லயத்தை வெட்டிவிட்டுத்தான் பச்சை மலையைக் காட்டுகின்றன என்பதை அவளிடம் யாரேனும் சொல்லலாம். கோத்தகிரியிலுள்ளவள் பிறந்தது அதே காம்பராவில். நிலையையும் படியையும் அவள் அடையாளங் காண்பாள். துணிகளை எடுத்துவிட்டுக் கதவை விட்டுவைப்பதில் மகளுக்கும் நட்டமில்லை.

கட்டாரிலுள்ள மகனின் படத்தை ஒட்டிவிடலாமா என்பது மற்றது. தமிழூர்ப் புகைப்பட நிலையங்கள் கணினி வருமுன்பே இதைச் செய்தன. இறந்த தகப்பனை மணமகளுக்கருகே நிறுத்தின. இன்றைய ஒட்டுவேலையில் விளிம்பு தெரிவதில்லை. விளிம்பு தெரியாமையே அதன் குறை. மகன் இஸ்தோப்பில் நிற்பதாகக் காட்டினால், அவன் வந்துவிட்டானென்று சின்னம்மா மகிழ்வாள். அடுத்த ஆண்டு அதைத் திருத்த இயலாது. பழைய படங்களில் இறந்தவரின் சட்டமிட்ட படத்தை மடியில் வைத்துக்கொள்வது உண்டு. இல்லாதவர் இல்லாதவராகவே குடும்பத்துள் இருப்பார். இன்று அதற்குச் சட்டமும் வேண்டியதில்லை. படமெடுக்கும் வேளையில் கட்டாருக்குத் தொடர்பேற்படுத்தி, அவன் முகம் தெரியும் கைத்தொலைபேசியைக் கடைக்குட்டி நெஞ்சோடு பிடித்துக்கொள்ளலாம்.

அட்டையின் பின்புறத்தில் பெயர்கள் எழுதப்படவேண்டும், முழுமையாக. ‘குடும்பத்தினர்’ என்று அச்சிட்டுவிடுவது இலகு, செலவும் குறைவு. மகளுக்கு நல்ல கையெழுத்து. நாற்பது அட்டைக்கும் அவளே எழுதலாம். தோட்டத்துப் பதிவேட்டில் அப்பாயியின் பெயர் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறொரு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். மலையகத்தில் இது புதிதன்று. எது சரி என்று அவளிடமே கேட்டு எழுதுவது நல்லது. இந்தியாவுக்குரிய அட்டை மார்கழி முதல் வாரத்திலேயே தபாலிற் சேர்க்கப்படவேண்டும். பிந்தினால் பொங்கலுக்குத்தான் போய்ச்சேரும்.